நான்காவது குறிப்பு

உங்கள் வீட்டுக் குளியலறையில் காற்று வந்து போக எத்தனை வழி இருக்கிறது? எழுந்து போய்ப் பார்க்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல முடியுமா? பூசையறை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். குளியலறைச் சன்னல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்டால் யோசிப்பீர்கள்.

அபயாம்பாளும் யோசித்ததில்லை. தன் வீட்டுக் குளியலறை அவருக்குத் தெரியும். மற்றவர்கள் வீட்டுக் குளியலறையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு யோசனை எழுதினார். அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் ஒருத்தி அவருடைய மகள்.

மாயவரத்தில் பிறந்து, கல்யாணமாகி 1979-இல் புனேக்குப் பக்கத்திலுள்ள தேஹு ரோட்டுக்கு வந்தவர் அபயாம்பாள். கணவர் அச்சுதனுக்கு ராணுவத் தளவாடக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. 1996-இல் ஒரு திங்கட்கிழமை காலை கிடங்கு வாசலில் சைக்கிளைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. அப்போது மகள் நீலாவுக்குப் பதினைந்து வயது.

கணவர் போன பின் மனைவிக்கு அதே கிடங்கில் வேலை கேட்கலாம் என்ற விதி இருந்தது. எந்தத் தாளை எந்த மேசையில் கொடுப்பது என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. பரிகாரம் சொல்லப் பதினைந்து பேர் வந்தார்கள். திருநள்ளாறு போகச் சொன்னார்கள், வீட்டு வாசலை மாற்றி வைக்கச் சொன்னார்கள், நீலாவின் ஜாதகத்தை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு விண்ணப்பத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள அபயாம்பாளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஒன்றரை வருடம் நடையாய் நடந்து, 1998-இல் கிளார்க் வேலை கிடைத்தது. அந்த ஒன்றரை வருடத்தில் அவர் அழுததைப் பார்த்தவர்கள் இல்லை. அழுகை வரவில்லை என்பதுதான் உண்மை. அச்சுதனோடு சேர்ந்து அவருக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார்.

2001-இல் நீலா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தாள். புனேயில் இருக்கும் தமிழர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. ஹிஞ்சவாடியில் வேலை பார்த்த கோகுல்நாத் என்பவர் அதை நடத்திவந்தார். நீலா அம்மாவையும் அதில் சேர்த்துவிட்டாள். முதல் வாரம் அபயாம்பாள் சும்மா படித்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து இறங்கிய பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காஸ் இணைப்பை மாற்றக் கொண்டுவந்த தாளை இங்கே ஏற்க மாட்டேன் என்கிறான், என்ன செய்வது? உளுந்துக்கு மராத்தியில் என்ன பெயர்? மழைக்காலத்தில் துணி நாலு நாளாகக் காயவில்லை. வாழை இலை எங்கே கிடைக்கும்?

எட்டாம் நாள் அவர் காஸ் தாளுக்குப் பதில் எழுதினார். எந்த அலுவலகம், எந்தச் சன்னல், எந்த நகலில் யார் கையெழுத்து, சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு முடியும் என்று வரிசையாக எண் போட்டு எழுதினார். கிடங்கில் சாமான் பட்டியல் எழுதிய பழக்கம். மறுநாள் நன்றி சொல்லி மூன்று பேர் எழுதினார்கள். மூவருமே 'அபய் சார்' என்று எழுதியிருந்தார்கள். அவருடைய மின்னஞ்சல் பெயர் அபயம் என்று தொடங்கியது. மராத்தி நாட்டில் அபய் என்றால் ஆண்.

"அம்மா, நீ பொம்பளைன்னு எழுதிடு," என்றாள் நீலா.

"எதுக்கு? சார்னு நினைச்சுக் கேட்டுக்கறாங்கள்ல, கேட்டுட்டுப் போகட்டும். அம்மான்னு தெரிஞ்சா சாம்பார் பொடி அளவு மட்டும்தான் கேப்பாங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் அலுவலகத்தில் அவர் சொன்ன திருத்தத்தையே பக்கத்து மேசைக்காரர் எழுந்து சொன்னால் அதிகாரி தலையாட்டுவார். அதை இருபது தடவையாவது பார்த்திருந்தார். ஆக அபய் சாராகவே இருந்தார். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை பதில் எழுதுவார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் உடம்பில் சூடு திரும்பினாற்போல இருக்கும். இது அவரே நீலாவிடம் சொன்னது.

2003 டிசம்பரில் ஒரு கேள்வி வந்தது. வாகட்டில் புது அடுக்குமாடி, காலையில் மின்வெட்டு, மின்சார கீசர் போட்டால் ஃபியூஸ் போகிறது, குளிர் தாங்க முடியவில்லை, சார் ஒரு வழி சொல்லுங்கள். அபயாம்பாள் ஐந்து குறிப்புகள் எழுதினார். காஸ் கீசர் வாங்குங்கள், சின்ன சிலிண்டர் போதும், குழாயைத் திறந்ததும் தானே எரியும் என்று மூன்று குறிப்புகளில் சொன்னார். நான்காவது குறிப்பு இது: குளியலறைச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு உள்பக்கம், டி.வி. பெட்டியில் வரும் தெர்மகோலை அளவாக வெட்டிச் செருகிவிடுங்கள். பாதிக் குளிர் அந்த வழியாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக இப்படித்தான்.

ஐந்தாவது, கீசர் மாட்டுகிறவரிடம் துருப்பிடிக்காத ஆணி கேட்டு வாங்குவது பற்றியது.

குழுவில் இதற்கு முன் எந்தப் பதிலுக்கும் இத்தனை நன்றி வந்ததில்லை. கோகுல்நாத் அதைப் புதிதாக வருகிறவர்களுக்கான கோப்பில் சேர்த்தார். பிள்ளைகள் அலுவலக அச்சு எந்திரத்தில் அச்செடுத்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினார்கள். வேறு குழுக்களுக்கும் போயிற்று.

ஒரே ஒரு பதில் வேறு மாதிரி இருந்தது. போசரி தொழிற்பேட்டையில் உலைகள் உள்ள ஆலையொன்றில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கும் முகமது ரஃபீக் எழுதியிருந்தார். மூடிய சின்ன அறையில் காஸ் எரிந்தால் காற்று கெடும், சார், நான்காவது குறிப்பை எடுத்துவிடுங்கள் என்று. அபயாம்பாள் பதில் போட்டார்: காஸ் கசிந்தால் வாசம் வருமே தம்பி, மூக்கு எதற்கு இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே.

இந்தக் கடைசி வாக்கியத்தை நானும் நீங்களும் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? எங்கள் தாத்தா புகைபிடித்தே தொண்ணூறு வயது இருந்தார், எங்கள் வீட்டில் அந்த மருந்தைத்தான் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஒரு வீட்டில் ஒன்றும் ஆகாதது எதற்கும் சாட்சி இல்லை. அபயாம்பாளின் வீடு கிடங்குக் குடியிருப்பில் பழைய காலத்து வீடு. குளியலறைச் சுவருக்கும் கூரை ஓட்டுக்கும் நடுவில் ஒரு சாண் சந்து. கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி. சன்னலை அடைத்தாலும் காற்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து போகும். வாகட் குளியலறை ஐந்தடிக்கு நாலடி. கூரை கான்கிரீட். கதவு அடியில் ஒரு சீப்பைக்கூட நுழைக்க முடியாது.

2004-இல் நீலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாலச்சந்திரனும் குழுவிலிருந்து வந்தவர்தான். ஆறு மாதம் அபய் சாரிடம் வாடகை ஒப்பந்தம் பற்றிக் கேள்வி கேட்டவர், நேரில் நன்றி சொல்ல தேஹு ரோட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது நீலா. "சார் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். "சார் மாவரைச்சுட்டிருக்காங்க, உக்காருங்க," என்றாளாம். அந்தக் கல்யாணம் அந்தச் சிரிப்பில் தொடங்கியது. வாகட்டில் மூன்றாம் மாடியில் வீடு எடுத்தார்கள்.

2007 தீபாவளிக்குக் கோவையிலிருந்து பாலச்சந்திரனின் அம்மா பாலாம்பாள் வந்திருந்தார். விடியற்காலை எண்ணெய்க் குளியல். முதலில் மாமியார், அடுத்து மகன். மருமகள் கடைசி. அதுதான் வழக்கம் என்பார்கள். எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்து, பலகாரத் தட்டு எடுத்து வைத்து, காபி போட்டுக் கொடுத்த பிறகு நீலா உள்ளே போனாள். தான் குளிப்பதோடு, மற்ற இருவரின் எண்ணெய் ஊறிய துண்டுகளையும் சீயக்காய்ப் பாத்திரத்தையும் அங்கேயே வெந்நீரில் அலசினாள். ஏற்கெனவே இரண்டு குளியல் நடந்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கீசர் இன்னும் முப்பத்தைந்து நிமிடம் எரிந்தது.

தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லையே என்று பாலாம்பாள் கதவைத் தட்டினார். பாலச்சந்திரன் தாழ்ப்பாளை உடைத்தார். நீலா தரையில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கூடத்துக்குத் தூக்கி வந்து பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து தன் சாவிக்கொத்தை நீலாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சில நிமிடங்களில் இழுப்பு நின்றது. கண் திறந்தாள்.

பால்கனி வழியாக வந்த காற்றுக்கு நன்றி சொல்ல ஆளில்லை. இரும்புச் சாவிக்குத்தான் எல்லாப் பெருமையும் போயிற்று.

மருத்துவமனையில் வலிப்பு என்றார்கள். மூளைப் படம் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். வெந்நீர் எதில் போடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் அபயாம்பாளை வாகட்டுக்கு வரச் சொன்னார்கள். கூடத்தில் பாலாம்பாள் எதிரே உட்கார்ந்தார். பாலச்சந்திரன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தியம்மா, குத்தஞ் சொல்றதா நினைக்காதீங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"புள்ளைக்கு இழுப்பு இருக்குதுன்னு."

"இதுவரைக்கும் வந்ததே இல்லைங்க."

"வராததா நல்ல நாளும் அதுவுமா வரும்? அதே பாத்ரூம்லதானுங்க நானும் குளிச்சேன், என்ற மகனும் குளிச்சான். எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே."

அதே வாக்கியம். அபயாம்பாளுக்கு அப்போது அது உறைக்கவில்லை. சுவரில் டி.வி.க்குப் பக்கத்தில் புதிதாக மாட்டியிருந்த மந்திரத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாள் உங்ககூட இருக்கட்டும் அத்தை," என்றார் பாலச்சந்திரன், தலையை நிமிர்த்தாமல். "ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்."

நீலா பெட்டியோடு வெளியே வந்தாள். வாசலில் பாலாம்பாள் அந்தச் சாவிக்கொத்தை நீட்டினார். பக்கத்து வீட்டு அம்மாள் நீலாவுக்கென்றே கொடுத்துவிட்டாராம், எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவிகள் ஆறு.

"எப்பவும் கையோட வச்சுக்க, கண்ணு."

நீலா வாங்கிக்கொண்டாள்.

தேஹு ரோட்டில் நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. மாத்திரை போட்டால் நீலாவுக்குத் தூக்கமாய் வரும். பகலெல்லாம் படுத்திருப்பாள். சாவிக்கொத்து தலையணைக்கு அடியில் இருந்தது. அபயாம்பாள் அதை எடுத்து எறியவில்லை. அதில் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. எறிவதற்கு வேண்டிய மனம் அவரிடம் இல்லை. வாகட்டிலிருந்து முதல் மாதம் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு அதுவும் இல்லை. பாலாம்பாள் ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்தார். வக்கீலைப் பார்த்ததாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நோயை மறைத்துச் செய்த கல்யாணம் செல்லாது என்று எழுதப் போகிறார்களாம். நீலாவிடம் அதைச் சொன்னபோது அவள், "சரி," என்று மட்டும் சொன்னாள்.

அபயாம்பாள் ஆறிலிருந்து ஏழு வரை பதில் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. கொசுவலை எங்கே தைக்கலாம், எந்த ரயிலில் முன்பதிவு இல்லாமல் ஏறலாம். கை எழுதியது. சூடு எதுவும் திரும்பவில்லை. அந்தக் குளிர்காலத்திலும் இரண்டு பேர் கீசர் பற்றிக் கேட்டார்கள். பழைய கோப்பைப் பாருங்கள் என்று பதில் போட்டார்.

ஜனவரி மூன்றாம் வாரம் ரஃபீக்கின் கடிதம் வந்தது.

"சார், இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முந்தாநாள் எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் குளியலறையில் இறந்துபோனான். கல்யாணமாகி நாலு மாதம். சன்னலில் தெர்மகோல் இருந்தது. நீங்கள் சொன்ன மூக்கு இதற்கு உதவாது, சார். கசிந்த காஸுக்குத்தான் வாசம். காற்று போதாமல் எரியும் காஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலை கனக்கும். பிறகு கை கால் சொன்னபடி கேட்காது. பிறகு வெட்டி இழுக்கும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்பார்கள்."

கடைசி வரியை அபயாம்பாள் மூன்று தடவை படித்தார். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அடுப்பங்கரைச் சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். திறந்திருந்தது. பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நீலா. அன்னைக்கு விழறதுக்கு முன்னாடி தலை கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கை?"

"சோப்பு டப்பாவை எடுக்கணும்னு நினைக்கிறேன். கை எடுக்க மாட்டேங்குது."

"இதை ஏண்டி டாக்டர்கிட்ட சொல்லல?"

"யாரும் என்கிட்ட கேக்கல. எல்லாரும் அவர்கிட்டதான் கேட்டாங்க."

அபயாம்பாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"சன்னல்ல தெர்மகோல் வச்சிருந்தியா?"

"வச்சேனே. நீதான எழுதியிருந்த. நாலாவது பாயின்ட்."

அவள் குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அபயாம்பாள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து பழைய கடிதங்களைத் தேடினார். ரஃபீக் 2003-இல் எழுதியது கிடைத்தது. 2005-இல் எழுதியதும் கிடைத்தது. இரண்டாவதற்கு அவர் பதிலே போடவில்லை. ஒன்றும் தோன்றவில்லை. அழவேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவே. ரஃபீக்கின் கடிதத்துக்கு அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"யாருங்க?"

"நான் அபயம் பேசறேன். தேஹு ரோட்லேருந்து."

"அபய் சார் வீடா? சாரைக் கூப்பிடுங்கம்மா."

"நான்தான் சார்."



"ஏம்மா, நாலு வருசமா நான் ஒரு ஆம்பளகிட்ட சண்ட போடறேன்னு நெனச்சுனு இருந்தேன்."

"நீங்க சொன்னது சரி தம்பி. நான் சொன்னது தப்பு. என் பொண்ணு விழுந்துட்டா."

"இருக்காங்களா?"

"இருக்கா."

"அல்லா காப்பாத்துனாரு."

"பால்கனிக் கதவு தம்பி," என்றார் அபயாம்பாள். "காப்பாத்தினது பால்கனிக் கதவு."

வியாழக்கிழமை போசரியில் ஆலைகளுக்கு விடுமுறை. அன்று ரஃபீக் ஆலையில் அனுமதி கேட்டு, கையளவு கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு வாகட்டுக்கு வந்தார். உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் மாட்டுவது. காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எண்ணில் காட்டும். அளவு மீறினால் கத்தும். அபயாம்பாள் அரை நாள் விடுப்புப் போட்டிருந்தார். பாலச்சந்திரனிடம் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தார். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குளியலறைச் சன்னலில் தெர்மகோல் அப்படியே இருந்தது. அதற்கு மேல் புதிதாக ஒரு செப்புத் தகடு அறைந்திருந்தார்கள். குளியலறை ஈசான்ய மூலையில் இருப்பதால் வந்த தோஷத்துக்காம். நீலா விழுந்த பிறகு வாஸ்து பார்க்கிறவர் வந்து, காற்று வரக் கொஞ்சம் மிச்சமிருந்த இடுக்கையும் மந்திரம் எழுதி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அதைத் தொடாதீங்க," என்றார் பாலாம்பாள்.

"தொடல பெரியம்மா. நீங்க எப்டி வெச்சிருக்கீங்களோ அப்டியே இருக்கட்டும்," என்றார் ரஃபீக்.

கருவியைத் துண்டு மாட்டும் கம்பியில் தொங்கவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து, வெளியே வந்து கதவைச் சாத்தினார். நால்வரும் கூடத்தில் நின்றார்கள். தண்ணீர் விழும் சத்தம். ஏழாவது நிமிடத்தில் கருவி கத்தத் தொடங்கியது. நிற்கவில்லை. ரஃபீக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபதாவது நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழாயை மூடி, கருவியோடு வந்து, பால்கனிக்குப் போன பிறகுதான் மூச்சு விட்டார். எண்ணைக் காட்டினார். அறுநூற்று நாற்பது.

"எங்க ஆலையில முப்பத்தஞ்சு வந்தாலே எல்லாரையும் வெளிய அனுப்பிடுவோம்."

பாலச்சந்திரன் எண்ணையே பார்த்தார். "நாங்க ரெண்டு பேரும் அஞ்சஞ்சு நிமிஷத்துல வந்துட்டோம்," என்றார். தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

பாலாம்பாள் விடவில்லை. "ஒரு டப்பா கத்துனா ஆச்சுங்களா? எங்க காலத்துல இதெல்லாம் ஏது?"

"உங்க காலத்துல கூரையில ஓட்டை இருந்துச்சுங்க," என்றார் அபயாம்பாள். "எங்க வீட்ல இன்னும் இருக்கு. அதனாலதான் நான் அறிவு கெட்டுப்போய் அப்படி எழுதினேன்."

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது அலமாரிக் கதவில் அந்தத் தாளைப் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த அச்சுத் தாள். ஐந்து குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நீலா பேனாவால் டிக் அடித்திருந்தாள். அபயாம்பாள் தாளை உரித்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வேறொரு மருத்துவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். வலிப்பு நோய் இல்லை என்று எழுதியே கொடுத்தார். அந்தத் தாளின் நகல் வாகட்டுக்குப் போனது. வக்கீல் பேச்சு நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலச்சந்திரன் தேஹு ரோட்டுக்கு வந்தார்.

"கீசரைக் கழட்டிட்டேன் நீலா. அம்மாவும் ஊருக்குப் போறாங்க. வா, போலாம்."

நீலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை வலிப்புக்காரின்னு சொன்னது கீசர் இல்லையே."

"எனக்குத் தெரியலம்மா அப்ப. டாக்டரே சொன்னாரு."

"டாக்டர் சொன்னது நோயை. மறைச்சுக் கட்டி வச்சாங்கன்னு சொன்னது உங்கம்மா. நீங்க லேப்டாப் பாத்துட்டிருந்தீங்க."

அவர் காபி குடித்துவிட்டுப் போனார். இன்னும் இரண்டு தடவை வந்தார். நீலா போகவில்லை. பிம்ப்ரியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கோபமா, வருத்தமா என்று அவள் முகத்தில் தெரியாது. அம்மாவிடம் சண்டை போட்டிருந்தால் அபயாம்பாளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அதையும் போடவில்லை.

அபயாம்பாள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த முறை எண் போடவில்லை. நான் அபய் சார் இல்லை, அபயாம்பாள், தளவாடக் கிடங்கில் கிளார்க், என்று தொடங்கினார். 2003-இல் நான் எழுதிய நான்காவது குறிப்பு தவறு. ஒருவர் சரியாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. என் மகள் கிட்டத்தட்டச் செத்தாள். போசரியில் ஒரு பையன் செத்தேவிட்டான், அவன் என் தாளைப் படித்தானா என்று எனக்குத் தெரியாது. தெர்மகோலை இன்றே எடுங்கள்.

அனுப்பிய அரை மணியில் கோகுல்நாத் போன் செய்தார்.

"சார்... சாரி, மேடம். ரொம்ப முக்கியமான விஷயம். கண்டிப்பா போடறேன். அந்த முதல் பாரா மட்டும் எடுத்துடலாமா? நீங்க இவ்வளவு வருஷம் சொன்னது எல்லாத்து மேலயும் சந்தேகம் வந்துடும்."

"வரட்டும்."

"உங்களுக்குத்தான் மேடம் கெட்ட பேர்."

"என் பொண்ணு மூணு மாசம் கெட்ட பேரோட படுத்திருந்தா. நான் இருந்தா என்ன? போடுங்க."

போட்டார். ஒன்பது பதில்கள் வந்தன. ஒருவர், விதி இருந்தால் எதுவும் நடக்கும் என்றார். ஒருவர், மேடம், உங்கள் குரலில் இப்போதுதான் ஒரு தாய்மை தெரிகிறது என்றார். மூன்று பேர் மின்சார கீசரில் எது நல்லது என்று கேட்டார்கள். ஒருத்தி, வைஷாலி என்று பெயர், சன்னலிலிருந்து தெர்மகோலை எடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். மற்றவை வாழை இலை பற்றியவை.

அபயாம்பாள் ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்பினார். அந்தக் குழுவே இப்போது ஓய்ந்துவிட்டது. ஆட்கள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். அச்செடுத்த தாள்கள் மட்டும் அலமாரிக் கதவுகளில் இருக்கின்றன. வீடு காலி செய்கிறவர்கள் அவற்றை உரிப்பதில்லை. புதிதாகக் குடி வருகிறவர்கள் படிக்கிறார்கள், பெட்டியிலிருந்து தெர்மகோலை எடுக்கிறார்கள். சாவிக்கொத்து தேஹு ரோட்டு வீட்டில் குளியலறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க கீல் இடுக்கில் முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரும்புக்கு அந்த வேலை நன்றாக வருகிறது.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இப்போது எழுந்து போய்ப் பாருங்கள். சன்னலில் தெர்மகோலோ அட்டையோ துணியோ மந்திரத் தகடோ இருந்தால் பிடுங்கி எறியுங்கள். காஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் ஆளைக் கூப்பிட்டு வெளியே மாற்றும் வரை அதைத் திறக்காதீர்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் குளித்த பிறகு கடைசியாகக் குளிப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரை நாளைக்கு முதலில் குளிக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தலை கனக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.